பாலத்துக்கு இந்தப் பக்கம் அப்பா

நேற்று மாலை எங்கள் வீட்டில் அப்பாவை இரண்டாவது தடவை அடக்கம் செய்தோம்.

பயப்படாதீர்கள், கேமில்தான்! (வெறும் கேம் என்று இனிமேல் என்னால் சொல்ல முடியுமா, தெரியவில்லை.)

அண்ணன் மொனராகலைக்கு வேலைக்குப் போனபோது தன்னுடைய கையடக்க கேம் கன்சோலை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அதில் இருப்பது ஒரே ஒரு ரோல்பிளே கேம். நாலு பேர் சேர்ந்து ஊர் ஊராக நடந்து, அரக்கர்களோடு சண்டை போட்டு, ஒரு ராஜ்யத்தையே மீட்க வேண்டும். மாதக்கணக்கில் விளையாடினாலும் முடியாது!

அந்த நாலு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். அண்ணன் எங்கள் வீட்டுப் பெயர்களையே வைத்திருந்தான். வில் பிடிப்பவன் குமார், அது அவன். மந்திரம் போடுபவள் செல்வி, அது நான். வைத்தியம் பார்ப்பவள் லெட்சுமி, எங்கள் அம்மா. கோடாரி தூக்கும் பெரிய ஆள் மாணிக்கம், அப்பா.

அப்பா பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியவர். கத்தி பிடித்த கை என்பதால் கோடாரியைக் கொடுத்துவிட்டான் போல. போன வருடத்துக்கு முந்தைய வருடம் அப்பா இறந்துவிட்டார்.

அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் முகம் கழுவி, பால் ஊற்றாத பிளேன்டியோடு என் பக்கத்தில் உட்காருவார்.

"எது ஒங்கப்பா?"

"முன்னால போறாரு பாருங்க, தாடி வச்சவரு."

"அவருக்கு ஏது தாடி! சவரம் பண்ணாம ஒரு நாளும் வாசல தாண்ட மாட்டாரு."

சொல்வாரே தவிர, கண்ணை எடுக்க மாட்டார். அரக்கன் அப்பாவை அடித்தால் போதும், "வைத்தியம் பாரு, வைத்தியம் பாரு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவார். (வைத்தியம் பார்ப்பதே நீங்கள்தான் என்று சொன்னதும் ஒரே பெருமை!)

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அண்ணன் விட்ட இடத்தில் அப்பாவின் லெவல் உச்சத்தில் இருந்தது. இருப்பதிலேயே நல்ல கவசம், நல்ல கோடாரி, எல்லாம் அவருக்குத்தான். கதையோ பாதியில் ஒரு பாலத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்தது. பாலத்தைத் தாண்டாமல் அதே காட்டையே அண்ணன் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான்.

நேற்று நான் தாண்டினேன்.

மற்ற மூன்று பேரும் தப்பிப்பதற்காகக் கோடாரிக்காரர் பாலத்தில் தனியாக நின்று சண்டை போட்டுச் செத்துப்போனார். எந்தப் பட்டனை அழுத்தியும் பயனில்லை. கதையே அப்படித்தான்!

அம்மா பிளேன்டியைக் கீழே வைத்தார்.

"வைத்தியம் பாரு புள்ள."

"முடியாதும்மா. கதையில அவரு செத்துட்டாரு."

"திரும்பக் கொண்டாற முடியாதா?"

"முடியும். இன்னும் சேவ் பண்ணல. நிறுத்திட்டு மறுபடி போட்டா பாலத்துக்கு இந்தப் பக்கம் நிப்பாரு."

நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் மூன்று பேரும் ஒரு மேட்டில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தப்பு மேளச் சத்தத்தோடு பெட்டி போகும். லயத்து வீடுகள் முடிந்து பாதை திரும்பும் முடக்கு வரைக்கும் ஓடி அழுதுவிட்டு நாங்கள் திரும்பிவிட வேண்டும். அப்பாவைக் கொண்டுபோன அன்று மழை கொட்டித் தீர்த்தது. அண்ணன் ஓடையில் குளித்துவிட்டு, சட்டை இல்லாமல் நடுங்கிக்கொண்டு வந்தான். தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டை, தண்ணீரில் போய்விட்டது என்றான். அதற்காகப் பிற்பாடு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆனால் அம்மாவுக்குச் சட்டை பெரிதில்லை. அன்றிலிருந்து அவனிடம் ஒரே கேள்விதான்: "குழியில தண்ணி இருந்துச்சா?"

"இல்லம்மா" என்பான். அம்மா ஒரு நாளும் நம்பியதில்லை.

திரையில் மழை இல்லை. மண் காய்ந்து கிடந்தது. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

"நானும் போட்டேனா?" என்று கேட்டார் அம்மா.

"போட்டீங்கம்மா."

பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டு, "அண்ணனுக்கு போன் போடு" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் குரலே மாறிவிட்டது.

"பாலத்த தாண்டிட்டியா? அவரு சாவாருன்னு நெட்டுல பாத்துட்டேன் செல்வி. அதான் நான் போகல."

அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"குமாரு, இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. குழியில தண்ணி இருந்துச்சா?"

இந்தத் தடவை அண்ணன் "இல்லம்மா" என்று சொல்லவில்லை.

"இருந்துச்சும்மா. பக்கெட்டால எறச்சோம். எறைக்க எறைக்க ஊறுச்சு. கடைசில ஒரே சேறு. எனக்கு மனசே வரல. சட்டையக் கழட்டி அடியில விரிச்சுட்டுத்தாம்மா பெட்டிய எறக்குனோம்."

"அந்த நீலச் சட்டையா?"

"ஆமாம்மா."

அம்மா அழுதார். நானும் அழுதேன். அண்ணன் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டியிருக்க மாட்டேனேடா" என்றார் அம்மா. "தீவாளிக்கு வந்துரு ராசா. நீலத்துலயே ஒண்ணு எடுத்து வைக்கிறேன்."

போனை வைத்த பிறகும், சேவ் பண்ணவா என்று கன்சோல் கேட்டுக்கொண்டே இருந்தது. பண்ணினால் பழையது அழிந்துவிடும். அப்பா பாலத்துக்கு இந்தப் பக்கம் இனி வரவே மாட்டார்.

"என்னம்மா செய்ய?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பண்ணிரு புள்ள. நல்லபடியாத்தான் அடக்கம் பண்ணியிருக்காங்க."

பண்ணிவிட்டேன்.

உங்கள் பக்கமும் பெண்கள் முடக்கோடு திரும்பிவிடுகிறார்களா? அப்படியென்றால், மயானத்துக்குப் போய் வருகிறவர்களே, நடந்ததை நடந்தபடியே வீட்டில் வந்து சொல்லிவிடுங்கள். தண்ணீரையும் சொல்லுங்கள், சட்டையையும் சொல்லுங்கள்!