கிட்டங்கியிலிருந்து வந்த எண்ணெய்

இந்த ஊரில் தலைக்குத் தேய்ப்பதும் கறியில் ஊற்றுவதும் ஒரே எண்ணெய். திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது பத்மநாபசாமி கோயிலும் அல்ல, கோட்டை வாசலும் அல்ல, இதுதான். பக்கத்து வீட்டு பார்கவி அம்மா ஒரு குப்பியைச் சாய்த்துத் தேங்காய் எண்ணெயை உச்சந்தலையில் வைத்துக்கொள்வார்; அதே குப்பியை அடுக்களைக்கு எடுத்துப் போய்ப் பப்படம் பொரிப்பார். எனக்குக் குமட்டும். நான் நல்லெண்ணெயில் தாளிப்பதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு. அவர்கள் வழக்கத்தில் நல்லெண்ணெய் மேலுக்குத் தேய்த்துக் குளிக்கவும் விளக்கேற்றவும்தான். "குளிக்கிற எண்ணெயையா மோளே குழம்பில ஊத்துந்நது?" என்று மூக்கில் விரல் வைப்பார். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களும் சிரித்துக்கொள்ளலாம். என் தம்பி சங்கரன் மறுபடி கெட்டுப்போனது இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான்.

சங்கரன் அம்பாசமுத்திரத்தில் இருந்தபோதே கஞ்சாவுக்கு அடிமை. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வடக்கத்திப் பைராகிகள் வந்து குவிவார்கள். அவர்களோடு உட்கார்ந்து சிலும்பி பிடிக்கப் பழகியவன், சாரல் நின்ற பிறகும் நிறுத்தவில்லை. வீட்டுக் குத்துவிளக்கு போயிற்று, அம்மாவின் செப்புக்குடம் போயிற்று. கடைசியில் அம்மா அவனை ரயிலேற்றி என்னிடம் அனுப்பினாள். மலையாளத்து ஊரில் அவனுக்கு யாரையும் தெரியாது, பாஷையும் தெரியாது, கேட்டு வாங்கக்கூட வழியிருக்காது என்பது அவள் கணக்கு. மனுஷனாக்கித் திருப்பி அனுப்பு என்று என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். ஆடியில் வந்தவன் தை பிறந்தும் அதைத் தொடவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் எடை போடும் வேலைக்குப் போனான். கன்னத்தில் சதை பிடித்தது. கை நடுக்கம் நின்றது. எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. ஊரில் அவனுக்குப் பெண் பார்க்கலாமா என்றுகூட நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

என் கணவருக்கும் சாலையில்தான் வேலை. நாட்டு மருந்துக் கடையின் கிட்டங்கியை, அதாவது சரக்கு அடுக்கும் பின்கட்டை, பார்த்துக்கொள்கிறார். சுக்கு, திப்பிலி, கடுக்காயோடு மகாராஜா சர்க்கார் லைசென்ஸில் கஞ்சாவும் அங்கே உண்டு. லேகியம் கிளறும் வைத்தியர்கள் வாங்குவார்கள்; மற்றவர்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்று கடையில் கேட்பதில்லை. கஞ்சாக் கட்டுகளைப் பிரித்துக் காம்பு களையும் ஆட்களின் உள்ளங்கையில் கறுப்பாகப் பிசின் அப்பிக்கொள்ளும். தண்ணீருக்கு அது அசையாது, எண்ணெய்க்குத்தான் கரையும். அதனால் ஒரு சட்டித் தேங்காய் எண்ணெயில் எல்லோரும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவார்கள். நாளாக நாளாக அந்த எண்ணெய் பச்சையாகிவிடும், பிறகு கொட்டிவிடுவார்கள். ஒரு பொருள் வீணாகப் போனால் என் கணவருக்குப் பொறுக்காது. கிணற்று உருளைக்குப் போடலாம் என்று ஒரு குப்பியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுக்களை மாடத்தில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தோம். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெயை யார் தின்னப் போகிறார்கள்?

அந்த வாரமே நான் காய்ச்சலில் விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்கவி அம்மா ஓடி வந்து, ஆண்கள் பட்டினி கிடக்க வேண்டாம் என்று அடுப்பைப் பற்றவைத்தார்.

"எண்ணெய் எவிடெயா மோளே?"

"மாடத்துல இருக்கு, எடுத்துக்கிடுங்க" என்று படுத்தபடியே சொன்னேன்.

மாடத்தில் இரண்டு குப்பி இருந்தது. நல்லெண்ணெயைக் குளிக்கிற எண்ணெய் என்று ஒதுக்கிவிட்டு, மற்றதை எடுத்தார். கடுகு வெடிக்க, வாழைக்காயும் பயறும் போட்டுத் தாராளமாகப் புரட்டினார். நிறம் ஒரு மாதிரி இருந்ததாம். "பாண்டிநாட்டிலே வெளிச்செண்ணெ இங்ஙனெயாயிரிக்கும்னு விசாரிச்சு" என்று, எங்கள் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் இப்படித்தான் இருக்கும் என நினைத்துவிட்டதாகப் பிறகு அழுதுகொண்டே சொன்னார். நான் வெறும் கஞ்சி குடித்தேன்; என் சின்ன மகள் பார்கவி அம்மா வீட்டிலேயே சாப்பிட்டாள். என் கணவரும் தம்பியும் கறியோடு சாப்பிட்டார்கள்.

வெயில் தாழ்வதற்குள் என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி, தரை நவுருது, என்னைப் பிடிச்சுக்கோ" என்று குழந்தை மாதிரி அழுதார். எழுந்து போய்த் தம்பியை உலுக்கினேன். அவன் கதவோரம் சாய்ந்திருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "என்னக்கா, பயப்படாதிய. அத்தானுக்கு ஒண்ணும் ஆவாது. காலைல சரியாயிரும்" என்றான். என்ன நடந்தது என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

மறுநாள் தெளிந்த பிறகு என் கணவர் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். "இலைன்னா பங்கி, அது லேசு. பூவுன்னா கஞ்சா. அந்தப் பூவுல வேர்க்குற பிசின்தான் அதுக்கு உசுரே. வடக்க செடி நிக்கும்போதே உள்ளங்கையால தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்து, கட்டியா உருட்டி வைப்பான், அதைச் சரஸ்னு சொல்லுவான். நம்ம ஆளுவ வேண்டாம்னு கழுவி விட்டதும் அதேதான். எண்ணெய் அத்தனையையும் உறிஞ்சி வச்சிருக்கு. சும்மா கிடந்தா தூங்கும். அடுப்புல ஏறுனா முழிச்சுக்கிடும்." எத்தனையோ கட்டுச் சரக்கின் சாரத்தை நாங்களே வீட்டுக்குச் சுமந்து வந்து, அடுப்பில் ஏற்றி, தம்பியின் இலையில் பரிமாறியிருக்கிறோம். மாடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். குப்பி காலியாக இருந்தது. உள்ளே விரல் விட்டு வழித்த தடம் இருந்தது.

யாரை நோவது? பார்கவி அம்மா செய்தது அவர் ஊர் வழக்கம், நாங்கள் செய்தது எங்கள் ஊர் வழக்கம். சங்கரன் அன்றோடு மண்டிக்குப் போவதை நிறுத்தினான். என் கணவரின் கிட்டங்கி வாசலில் போய் நின்றான். "அத்தான், பிசின் பட்ட கையையாவது காட்டுங்க" என்று அவன் கெஞ்சியதைப் பார்த்துச் சரக்குத் தூக்குகிறவர்கள் சிரித்தார்களாம். என் கணவர் அன்று சாப்பிடவில்லை. கடைக்காரர் துரத்திவிட்டதும், பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் தங்கும் பைராகிகளிடம் போய்ச் சேர்ந்தான். அவர்கள் மடியில் அந்தக் கறுப்புக் கட்டி இருக்கிறது. கேட்டு வாங்குவதற்கு அவனுக்குப் பாஷையே தேவைப்படவில்லை. நான் போய் அழுதேன், திட்டினேன், இழுத்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இனி நடக்கும் என்றும் நான் நம்பவில்லை.

அம்மாவுக்கு நான் எதுவும் எழுதவில்லை. அவனில்லாமல் ஊர்ப் படியேற எனக்கு முகமும் இல்லை. என் மகளோ நல்லெண்ணெய் நாறுகிறது என்கிறாள். பார்கவி அம்மா வீட்டுப் பப்படம்தான் அவளுக்கு இறங்குகிறது.

சனிக்கிழமை மட்டும் சங்கரன் வருவான். வீட்டுக்குள் வர மாட்டான், கிணற்றடியில் உட்காருவான். எங்கள் ஊர் வழக்கப்படி நல்லெண்ணெயைக் காய்ச்சி, அவன் தலையில் வைக்கக் கையில் ஊற்றிக்கொண்டு போவேன். வைக்கும் முன் என் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோய், உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பான். வெறும் நல்லெண்ணெய்தான் என்று தெரிந்ததும் கையை விட்டுவிடுவான்.