பவளம் அன்ரிக்காகப் பேசிய நாள்

சுடுசோறு விழுந்ததும் வாட்டிய வாழையிலையிலிருந்து ஒரு பச்சை மணம் எழும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மணத்தோடுதான் தொடங்கின. கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் முதல் பூசை கண்டு வந்ததும் அம்மா மேசையைத் துடைத்து இலைகளைப் பரப்புவார். சோறு, பருப்பு, சோயாமீற் கறி, ஒரு கரண்டி சம்பல் என்று அவர் வைத்துக்கொண்டே போக, அப்பா பழைய பேப்பரில் சுற்றி நூல் கட்டுவார். ஆறு வயதுத் தம்பி டெனிஸ் முடிச்சு நழுவாமல் விரலால் அழுத்திக்கொள்வான். நான் பார்சல்களைக் கூடையில் அடுக்குவேன்.

யுத்தம் வடக்கிலிருந்து சனங்களைத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த மூன்று மாடி "லொட்ஜ்" அப்படி வந்தவர்களால் நிரம்பியிருந்தது. வெளிநாட்டுக்குக் காத்திருப்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்ப வழியில்லாமல் நின்றுவிட்டவர்கள், எதற்கென்றே சொல்லாமல் இருப்பவர்கள் என்று பலவிதமானவர்கள் அங்கே இருந்தார்கள். எங்கள் பங்குச் சுவாமியார் பிரசங்கத்தில், "குடும்பமாய்ப் போய் உதவி செய்யுங்கோ, சின்னப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அதுகளும் பழகட்டும்" என்று சொல்லியிருந்தார்.

நாங்களும் பழகினோம். இரண்டு கையாலும் கொடுக்கவேண்டும், சிரிக்கவேண்டும், அறைக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று அம்மா சொல்லித்தந்ததையெல்லாம் அங்கே ஒழுங்காகச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நானும் டெனிஸும் "அகதி விளையாட்டு" விளையாடுவோம். அவன் சாக்கைப் போர்த்துக்கொண்டு கையை நீட்டுவான். நான் மண்ணை நிரப்பிய பேப்பர்ப் பொதியைக் கொடுப்பேன். அவன் நன்றி சொல்லும் விதம் எனக்குப் பிடிக்காவிட்டால் பொதியைத் திரும்பப் பறித்துக்கொள்வேன்.

இன்னொரு பெருமையும் எனக்கு இருந்தது. எங்கள் வீட்டு ஒழுங்கையிலிருந்த சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் என்னுடைய சிங்களத்தில் தமிழ் வாடை துளியும் இருக்காது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கும் சிங்களம் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறந்தாலே யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்துவிடும். அதனால் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினால், "நீ கதை மகள், உன்னோட எண்டா அவங்களுக்குக் கோவம் வராது" என்று தோளில் கைவைத்து என்னை முன்னால் தள்ளிவிடுவார். எங்கள் குடும்பத்தின் அடையாள அட்டை நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு நாங்கள் கூடையோடு போனபோது, இரண்டாம் மாடியில் இருந்த பவளம் அன்ரி படிக்கட்டில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தார். கிளிநொச்சியிலிருந்து பத்தொன்பது வயது மகன் தயாளனைக் கூட்டிக்கொண்டு வந்து, எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிடவேண்டும் என்று மாதக்கணக்காகக் காத்திருந்தவர். முதல்நாள் காலை பால்மா வாங்கக் கடைக்குப் போன தயாளனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. நிலையத்தில் இவர் கேட்டது அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் சொன்னது இவருக்கு விளங்கவில்லை.

"நீங்கள் ஒருக்காப் போய்க் கேளுங்கோவன்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். "றீற்றாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை கேட்டா அவங்கள் பாய மாட்டாங்கள்" என்றார் அம்மா, என் முதுகில் கைவைத்து.

அம்மாவும் டெனிஸும் மிச்சப் பார்சல்களைக் கொடுக்க மேலே ஏறினார்கள். நாங்கள் மூவரும் தயாளனுக்கென்று ஒரு பார்சலை எடுத்துக்கொண்டு காலி வீதியால் நடந்தோம். நிலையம் கண்ணில் பட்டதும் பவளம் அன்ரி நின்றார்.

"அண்ணை, உங்களுக்குச் சொல்லவேணும். எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கிறான். நாலு வருசத்துக்கு முன்னம் இயக்கத்துக்குப் போயிட்டான். அதை மட்டும் அங்க சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா இவனை விடவே மாட்டாங்கள்."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நாங்கள் ஏன் சொல்லப்போறம்?" என்றார் அப்பா. என்னிடம் தனியாக அவர் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும் என்றோ விளங்காது என்றோ, ஏதோ ஒன்றை நினைத்திருப்பார்.

மேசையில் இருந்த சார்ஜன்ற் என் அப்பாவின் வயதுக்காரர். நான் வாயைத் திறந்ததும் எழும்பி வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "எங்கே இவ்வளவு அழகாகச் சிங்களம் படித்தாய், துவே?" என்று கேட்டார். மகள் என்று அவர் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. பிஸ்கட் ஒன்றும் தந்தார். பிறகு கொப்பியைத் திறந்து கேட்கத் தொடங்கினார். மகனின் பெயர், ஊர், எப்போது வந்தார்கள், ஏன் வந்தார்கள். நான் தமிழில் கேட்டு, பதிலைச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

"வேறு பிள்ளைகள்?"

"இல்லை எண்டு சொல்லு பிள்ளை. இவன் ஒருத்தன்தான்" என்றார் பவளம் அன்ரி.

"இல்லை" என்றேன்.

சார்ஜன்ற் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எப்படி முழித்தேனோ தெரியாது. குனிந்து என் முகத்துக்கு நேரே, மிகவும் மெதுவாக, "பொய் சொல்வது நல்ல பிள்ளைகளுக்கு அழகில்லை, இல்லையா?" என்றார்.

பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் எனக்கு இலேசாக இருக்கும். ஆனால் எனக்குப் பயமே இருக்கவில்லை. அந்த மனிதர் இனி என்னைத் துவே என்று கூப்பிடமாட்டாரோ என்பதுதான் என் கவலையாக இருந்தது.

"ஒரு அண்ணா இருக்கிறார். இயக்கத்துக்குப் போய்விட்டார். சொல்லவேண்டாம் என்று அன்ரி சொன்னார்" என்றேன். நல்ல சிங்களத்தில், பிழையில்லாமல்.

என் தோளிலிருந்த அப்பாவின் கை இறுகிப் பிறகு தளர்ந்தது. பவளம் அன்ரி விளங்காமல் எங்கள் மூவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சார்ஜன்றின் முகம் மாறவேயில்லை. எழுதி முடித்து, "ஹொந்த துவ", நல்ல மகள், என்று என் தலையைத் தடவினார். பிறகு, கேட்காமலே, தாய் மகனைப் பார்த்துச் சாப்பாடு கொடுக்கலாம் என்றார்.

ஐந்து நிமிடம் உள்ளே இருந்துவிட்டு வந்த பவளம் அன்ரி வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கையையும் கொஞ்சினார். "உன்ர வாயாலதான் என்ர பிள்ளையைக் கண்ணால கண்டனான், ராசாத்தி. நீ நல்லா இருப்பாய்."

பஸ்ஸில் அப்பா யன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். கொட்டாஞ்சேனையில் இறங்கியபிறகுதான், "நீ அங்க சொன்னதை அம்மாவுக்கும் சொல்லாதை" என்றார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

புதன்கிழமை தயாளனை வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு என்று தகவல் வந்தது. அந்த மாதம்தான் எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். தம்பியை அடித்தேன், சீனி களவெடுத்தேன், பொய் சொன்னேன் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சுவாமியாரிடம் சொன்னேன். இது அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் உண்மையல்லவா சொல்லியிருந்தேன்?

லொட்ஜில் பவளம் அன்ரி வேறொரு கணக்குப் போட்டிருந்தார். மூத்தவனைப் பற்றிப் பொலிசுக்குத் தெரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து, யார் காட்டிக்கொடுத்தது என்பதே அவருக்கு நினைப்பாக இருந்தது. கீழ்த்தளத்தில் தனியாக ஒரு வயதான ஆசிரியர் இருந்தார். எல்லோரும் அவரைக் "கண்ணாடி மாஸ்டர்" என்பார்கள். சிங்களப் பத்திரிகை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அது போதுமாக இருந்தது. ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது, பவளம் அன்ரி அவருடைய அறை வாசலில் நின்று மண்ணை அள்ளித் தூற்றிக்கொண்டிருந்தார். "என்ர பிள்ளையை வித்துத் திண்டவனே! உன்ர வாய் புழுத்துப்போகும்!" மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, "நான் இல்லை அம்மா, சத்தியமாய் நான் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூடையிலிருந்து பார்சல்களை எடுத்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் பார்சலை நான்தான் இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்த அறை பூட்டியிருந்தது. மாஸ்டரை அங்கே இருக்கவிடாமல் எழுப்பிவிட்டார்கள் என்று அம்மா விசாரித்துவந்து சொன்னார். அதோடு அப்பா, பிள்ளைகளுக்கு ரியூஷன் இருக்கிறது என்று சொல்லி எங்கள் ஞாயிற்று வேலையை நிறுத்திவிட்டார். அம்மா அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து ஒரு பின்னேரம், ஒற்றைக் காலை இழுத்து நடந்தபடி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தயாளன். இருபத்து மூன்று வயதில் முன்பற்கள் இல்லை. பவளம் அன்ரி ஊருக்குத் திரும்பிப் போய்க் காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். அம்மா அப்போது பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்ததால் அப்பாவும் நானும்தான் வீட்டில்.

"நீங்கள்தானே அந்தச் சின்னப் பிள்ளை? விட்டவுடனை போய் நன்றி சொல்லவேணும் எண்டு அம்மா கடிதத்தில எழுதினவ" என்றார். என்னை "நீங்கள்" என்று மரியாதையாகச் சொன்னார். "அண்டைக்கு நீங்கள் கொண்டுவந்த சோறுதான் நான் கடைசியாய் அம்மாவின்ர கையால திண்டது."

நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் கோப்பையை உதட்டின் ஓரமாக வைத்துக் குடித்தார்.

"கண்ணாடி மாஸ்டர்தான் சொன்னவர் எண்டு அம்மா சாகுமட்டும் கடிதத்தில எழுதினவ. எனக்கெண்டா சந்தேகம். அந்த மனிசன் அப்பிடிச் செய்வாரே, ஐயா?"

என் அப்பா கெட்ட மனிதர் அல்ல. அவர், "இருக்கும் தம்பி. ஆரை நம்புறது இந்தக் காலத்தில" என்றார்.

நானும் அங்கேதான் நின்றேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இந்தமுறை எல்லாம் விளங்கியது.

இன்று அந்த லொட்ஜ் இருந்த இடத்தில் கடல் பார்த்த பல்கனிகளோடு ஓர் அடுக்குமாடி நிற்கிறது. சாவடிகள் இல்லை, மணல்மூட்டைகள் இருந்த இடத்தில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். அப்பாவும் இல்லை. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. கோயிலில் பார்சல் கட்டும் குடும்பங்களோடு தானும் போகவேண்டும் என்று கேட்கிறாள். "போகட்டும் விடு" என்கிறார் அம்மா. "உன்ர அம்மா இந்த வயசில பொலிசோட கதைச்சு ஒரு தாய்க்குப் பிள்ளையைக் காட்டினவள்" என்று பேத்தியிடம் சொல்கிறார். நான் அதைத் திருத்தியதில்லை.

தயாளன் எங்கே போனார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. கண்ணாடி மாஸ்டரை விசாரிக்க வழியே இல்லை. அவருடைய பெயர் என்னவென்று எங்கள் வீட்டில் எவரும் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.