வலிக்காத புண்ணுக்கு அறுபது ரூபாய்

1. பொட்டலமும் டப்பாவும்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 2005இல் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளியம்மா என் முன்னால் இரண்டு சரக்கை வைத்தார். ஒன்று தினத்தாளில் மடித்த ஆவாரம்பூ, ஐந்து ரூபாய். இன்னொன்று லேபிள் ஒட்டிய டப்பாவில் ஆவாரம்பூ, நாற்பது ரூபாய். அது குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் வரும் ஒரு கடைக்குப் போவது.

"எது ஒஸ்தி, சொல்லு பாக்கலாம்."

டப்பாவைக் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே மூட்டைப்பா. அளவும் ஒண்ணுதான். இன்னாத்துக்கு எவ்ளோ தருவாங்கன்னு தெரிஞ்சிக்கோ, அப்புறம் தராசப் பிடி."

ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். குயிலாப்பாளையத்துக்கு டெலிவரிக்குப் போனபோது கொஞ்சம் புரிந்தது. அங்கே வாங்குகிறவர்கள் எங்கே பறித்தது, பூச்சி மருந்து அடித்ததா, நிழலில் காய வைத்ததா என்று கேட்பார்கள். அந்தப் பதிலுக்கும் சேர்த்துத்தான் நாற்பது ரூபாய். நம் ஊர்க்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி. "கேக்குமாங்க?" அதற்கு நாம் எவ்வளவு தெம்பாகத் தலையாட்டுகிறோமோ அவ்வளவு காசு வெளியே வரும். எனக்கு அப்போது வாய் அதிகம். தலையாட்டவும் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

2. பதினைந்து அறுபதான கதை

உப்பளத்தில் நிற்கிறவர்களின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தோல் வெடித்து, அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கும். உப்புப் புண் என்பார்கள். அதற்கு எங்கள் கடையின் பின்கட்டிலேயே ஒரு எண்ணெய் காய்ச்சுவோம். வேப்பெண்ணெயில் மஞ்சளும் குப்பைமேனியும் போட்டது. பழைய பாட்டிலில் ஊற்றிப் பதினைந்து ரூபாய்க்கு வைத்திருந்தோம். யாரும் சீந்தவில்லை.

"எங்க ஊட்டாண்ட மொளைக்கிற குப்பைமேனிக்குக் காசு வேறயா?" என்று பெண்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நான்தான் யோசனை சொன்னேன். புது பிரவுன் பாட்டில், அட்டைப் பெட்டி, பாதம் வரைந்த லேபிள். விலை அறுபது.

"கூலி வேலைக்குப் போறவங்க இவ்ளோ குடுப்பாங்களாடா?" என்றார் அம்மா.

"குடுப்பாங்கம்மா. வெல கம்மியா இருக்குதுன்னுதான் நம்ப மாட்றாங்க."

உள்ளே இருந்தது அதே எண்ணெய். ஒரு மாதத்தில் மூன்று முறை காய்ச்ச வேண்டி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. அஞ்சலை

அஞ்சலை உப்பு வாருகிற வேலை செய்தவர். அவர் வீட்டுக்காரர் பாத்தி மிதிப்பவர், உப்புப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்துக் கெட்டியாக்கும் வேலை. அவருக்குக் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை விழுந்து ஆறாமல் இருந்தது. அஞ்சலை தன் ஒரு நாள் கூலியைக் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்து முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

"தம்பி, இப்ப வலியே இல்லப்பா. முன்னாடி உப்புத் தண்ணில கால வச்சா உசிரு போவும்னு கத்துவாரு. இப்ப நாளெல்லாம் நின்னுக்கினே இருக்காரு."

உப்பளத்தில் வலி நின்றால் புண் ஆறுகிறது என்று கணக்கு. எல்லார் காலிலும் ஓட்டை இருக்கும் இடத்தில் யாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அஞ்சலை சொன்னதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி விற்றேன்.

மூன்றாவது பாட்டில் வாங்கும்போது அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"ஓட்ட மட்டும் மூடலப்பா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காட்டலாமான்னு பாக்குறேன். ஆனா சும்மா குடுக்குற மருந்து கேக்குமா?"

அந்த இடத்தில் "கேக்கும், போங்க" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு நாக்கு வேறு பக்கம் புரண்டது.

"வலிதான் நின்னுடுச்சில்லக்கா. இன்னும் ஒரு பாட்டில் போடுங்க, மூடிடும்."

4. கடை வாசலில்

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அஞ்சலை வீட்டுக்காரரை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, எங்கள் கடைக்குத்தான் வந்தார். காசு கொடுத்த இடம் என்று நம்பி வந்தார். அம்மா குனிந்து கால் கட்டை அவிழ்த்தார். நாற்றம் கடை முழுக்கப் பரவியது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"வலிக்குதாங்க?" என்று அம்மா கேட்டார்.

"துளி கூட இல்லீங்க" என்றார் அவர் பெருமையாக.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கடையை என்னிடம் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவரே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். பல வருஷமாகச் சர்க்கரை இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. கால் நரம்பு செத்துப் போனதால்தான் வலி நின்றிருக்கிறது என்றார் டாக்டர். பாதத்தில் பாதியை எடுத்தார்கள். அதன் பிறகு அவரால் பாத்தி மிதிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நாலு திட்டு வாங்கிக்கொண்டால் மனசு ஆறும் என்றுதான் போனேன். அஞ்சலை திட்டவில்லை. என்னை வராந்தாவுக்கு அழைத்து வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இத விட வெல ஜாஸ்தியா ஏதாச்சும் மருந்து இருந்துச்சா? அத நான் வாங்காம உட்டுட்டேனா?"

விலை கம்மியானதை நம்ப மாட்டார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தானே.

5. இப்போது

மறு வாரமே அம்மா அட்டைப் பெட்டியை நிறுத்தினார். விலை பழையபடி பதினைந்து ஆனது. விற்பனையும் பழையபடி படுத்தது. "போவட்டும் விடு" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் பேக்கிங், லேபிள், ரேட் எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் விலையை ஏற்றும்போது நம்பிக்கையும் கூடவே ஏறுகிறது. நம்பியவர்கள் காத்திருப்பார்கள். சில நோய் காத்திருக்காது.

எனக்கு இப்போது சொந்தக் கடை இருக்கிறது. அதே எண்ணெய் விற்கிறேன். கால் புண் என்று யார் வந்தாலும் பாட்டிலை எடுப்பதற்கு முன்னால் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன், வலிக்கிறதா என்று கேட்கிறேன். வலிக்கவில்லை என்கிறவருக்கு நான் எண்ணெய் கொடுப்பதில்லை.