மணல்குழியில் ஏழாவது தோட்டா

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. பின்லாந்தின் ஹார்யுமா கிராமத்தில், 2021 அக்டோபர் 24ஆம் தேதி, பகல் வெளிச்சத்தில் ஹில்க்கா நேவாலாவுக்கு நேர்ந்தது. தபால் வண்டி ஓட்டும் ஐம்பத்தெட்டு வயதுக்காரி. பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "அதுக்கு விலாசம் இருக்கா?" என்று கேட்கிறவள்.

அவளுடைய கொள்ளுத்தாத்தா ஏமெலி, 1918 உள்நாட்டுப் போரில் காணாமல் போனவர். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ரஷ்யாவுக்கு ஓடிவிட்டார் என்றது ஊர். நூறு வருஷம் கழிந்தும் அவர்களுடையது 'ஓடுகாலி வீடு'தான். ஆனால் அவள் வீட்டில் வேறொரு பேச்சு இருந்தது. தோற்ற சிவப்பு அணியின் கைதிகளை, ஏமெலியையும் சேர்த்து, அதே ஊர் அன்டெரோவின் குடும்பத்து மணல்குழியில் வைத்துச் சுட்டார்கள் என்று.

அன்டெரோவுக்கு வயது எண்பத்தொன்று. குழியில் தேட அவர் அனுமதி கொடுத்தார், சிரித்துக்கொண்டே.

"தேடிக்கோம்மா. எல்க் மான் வேட்டைக்காரங்க சுட்டுப் போட்டதுதான் கெடைக்கும். உங்க தாத்தா மாஸ்கோவுல வேற குடும்பம் வச்சிருந்திருப்பாரு."

"அத தோட்டாகிட்டயே கேட்டுக்கறேன்," என்றாள் ஹில்க்கா.

மணி 3.10. உலோகம் காட்டும் கருவி 'கீங்' என்றது. ஒரு சாண் ஆழத்தில் காலித் தோட்டா. பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்து, பூதக்கண்ணாடியில் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். விளிம்பு தட்டையாக வெளியே நீட்டியிருந்தது. பழைய ரஷ்யத் துப்பாக்கிக்கான தோட்டா. ஒரு ரஷ்ய எழுத்து. எதிரே 17. அதாவது, 1917இல் செய்தது.

வேட்டைக்காரன் தோட்டா இல்லை.

இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. 3.35க்குள் ஆறு. எல்லாம் ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில்... வரிசையாக நின்றவர்களுக்குப் பின்னால் ஒருவன் நடந்துகொண்டே சுட்டதுபோல. ஆறின் அடியிலும் துப்பாக்கி ஊசி குத்திய தழும்பு ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ஒரே துப்பாக்கி.

ஆறாவது தோட்டா கையில் சுட்டது.

நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்தது... சூடாக.

காகங்களின் சத்தம் நின்றிருந்தது. கருவியை அணைத்தாள். அணைத்த கருவி மறுபடி 'கீங்' என்றது.

முதுகுக்குப் பின்னால்... 'கிளிக்... கிளக்.' துப்பாக்கியின் தாழை இழுத்துத் தள்ளும் ஓசை.

வெடிமருந்து வாசம்.

ஓர் ஆண்குரல். கோபமே இல்லாத குரல்.

"சுவத்தப் பாத்து நில்லு."

முன்னால் மணல் சுவர். அவள் கால்கள் ஒட்டி நின்றன. கைகள் முதுகுப்புறம் போய்க்கொண்டிருந்தன... அவள் போகச் சொல்லவில்லை.

அங்கேதான் ஹில்க்காவுக்கு ஆத்திரம் வந்தது. கைகளைப் பிடுங்கினாள். திரும்பினாள்.

"முடியாது! சுடறதுன்னா மூஞ்சியப் பாத்துச் சுடு!"

யாரும் இல்லை.

பனிமூட்டம். ஈர மணலில் ஒரு ஜோடி பூட்ஸ் தடம், அவளைப் பார்த்தபடி. வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை.

'டிங்.'

கல்மேல் விழுந்தது ஒரு காலித் தோட்டா. அதே எழுத்து. அதே 17. களிம்பு மட்டும் இல்லை... புத்தம்புதுசு.

மணி 3.41.

"இதுவும் என்னுதுதான்," என்று பையில் போட்டாள். ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் ஓடவில்லை. ஓடுகாலி வீட்டுக்காரி ஓடினாள் என்று எவனும் சொல்லக் கூடாது. நடந்தே போனாள்.

அன்டெரோ தன் வீட்டு வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமில்லை.

"யாரும்மா சுட்டது?"

"சுட்டாங்களா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

"ஏழு வெடிம்மா... எண்ணினேன்."

ஹில்க்கா ஏழு தோட்டாக்களையும் அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

"எல்க் மானா?"

அவர் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"குழியத் தோண்டணும். கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

அடுத்த வருஷம் மே மாதம் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். ஏழு எலும்புக்கூடுகள், வரிசையாக. ஆறு மண்டையோடுகளில் குண்டு துளைத்தது பின்பக்கம்.

ஏழாவதில்... நெற்றியில்.

யார் யார் என்று மரபணுச் சோதனையில் தெரிய ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஹில்க்கா காத்திருக்கவில்லை. அன்று மாலையே கல்லறைக் கல் செதுக்குகிறவனிடம் போய், 'ஏமெலி நேவாலா' என்று வெட்டச் சொல்லிவிட்டு வந்தாள்.