மொதலாளி வண்டியின் பின்சீட்டு

அந்த மோட்டாரை முதலில் பார்த்தபோதே எனக்குக் குமட்டியது. மழைக்காலம் முழுக்க ஓலைக் கொட்டகையில் கிடந்த வண்டி. சீட்டுத் தோலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த துணி ஈரத்தில் உப்பித் தொங்கியது. எலி வேறு உள்ளே குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. "இதக் கழுவி எடுக்கதுக்குள்ள எனக்குக் கிழடு தட்டிரும்" என்றேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வண்டி அவ்வளவு பெரிய விஷயம்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் வாடகை வீட்டில் இருந்தோம். யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். அவருக்கு மோட்டார் ஓட்டத் தெரியும். ஓட்டத்தான் மோட்டார் இல்லை. பழவங்காடியில் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், நாங்கள் மொதலாளி என்று கூப்பிடுகிறவர், தானே ஆளனுப்பிக் கூப்பிட்டு, தன் சொந்த வண்டியைச் சுத்தம் செய்து பங்குனி ஆறாட்டுத் திருவிழாவுக்குள் வாடகைக்கு ஓட்டச் சொன்னார். அவர் வீட்டுப் பெண்கள் மழைக்காலம் தொட்டே ஜட்காவில்தான் கோயிலுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மோட்டாரில் நாற்றம் தாங்காமல் இருக்கும் என்று நினைத்தேன். சொந்த வண்டியை ஒருத்தர் இப்படித் தூக்கிக் கொடுக்கிறாரே, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வேலை இல்லாத வீட்டில் யாருக்கு அப்படிக் கேட்கத் தோன்றும்?

என் வீட்டுக்காரர் வண்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, சீட்டுகளைக் கழற்றி முற்றத்தில் போட்டார். தோலைத் துடைப்பது என் பாடு. சவுக்காரத் தண்ணீரில் துணியை முக்கி, ஒட்டப் பிழிந்து துடைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் தோல் விறைத்துவிடும், வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நிழலில் உலர்த்தி, ஆமணக்கெண்ணெயை லேசாகச் சுடவைத்துப் பழைய வேட்டித் துணியால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து பழைய சிவப்பு எழும்பி வந்தது. அவர் மண்ணெண்ணெய் தொட்டு ஸ்பிரிங்குகளின் துருவைச் சுரண்டினார். சீட்டைக் கம்பால் அடித்தேன். புழுதி எழும்பி முற்றத்தை மூடியது.

எங்கள் பிள்ளை அந்தப் புழுதிக்குள்தான் இருந்தான். கல்யாணமாகி வெகு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு பிறந்தவன், அப்போது தவழ்கிற வயசு. பின்சீட்டில் அவனை உட்கார வைத்தால் ஸ்பிரிங் அவனைத் தூக்கித் தூக்கிப் போடும். விழுந்து விழுந்து சிரிப்பான். சீட்டுத் தோலை வாயால் சப்பினான் என்றுகூட நான் அவனை வைதேன்.

பின்சீட்டின் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. உள்ளே அடைத்திருந்த குதிரைமுடி மக்கிப் போயிருந்ததால், தையலை முழுக்கப் பிரித்துத் தேங்காய்த் தும்பு அடைக்கலாம் என்றார் அவர். பிரித்துக் கையை உள்ளே விட்டேன். இலைகள் வந்தன. காய்ந்த வேப்பிலை, ஈர்க்கோடு. ஒன்றிரண்டு அல்ல, இடுக்கெல்லாம் அதுதான். கூடவே மஞ்சள் அப்பிய ஒரு வெள்ளைத் துணிக்கிழிசல்.

எங்கள் பக்கத்தில் யாருக்கு அம்மை போட்டாலும் வேப்பிலையைப் பரப்பி அதன்மேல்தான் கிடத்துவார்கள். யாரையோ இந்தச் சீட்டில் இலை பரப்பிக் கிடத்திக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"பூச்சி அரிக்கப்பிடாதுன்னு போட்டிருப்பாவ" என்றார் அவர்.

"மஞ்சத் துணியும் பூச்சிக்காக்கும்? இது வந்து..."

சட்டென்று என் வாயைப் பொத்தினார். "வாயால சொல்லாதட்டி. சொன்னா வரும்."

சொல்லக் கூடாதுதான். பேர் சொன்னால் கூப்பிட்டதாக ஆகும் என்று நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அவன் அழுதான். நானும் அழுதேன்.

அவர் பழவங்காடிக்குப் போய் வந்தார். மொதலாளி கோபப்படவில்லையாம். இரண்டு கையையும் கூப்பி, "அம்மா குளுந்து போயிட்டா வே. மச்சினனும் எந்திரிச்சு நடமாடுதான். வண்டியக் கழுவியாச்சுல்லா? பொறவு எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாராம். அந்த மனுஷனை வாயில் வந்தபடியெல்லாம் வைதேன். அவன் வீட்டுப் பெண்கள் ஏறப் பயந்த வண்டியில் என் பிள்ளையை உருட்ட விட்டானே பாவி. எங்களைக் கெடுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பேரைச் சொல்லக் கூடாது, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

பிள்ளைக்கு அம்மைத் தடுப்பு குத்தியிருக்கவில்லை. குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்த அன்று அவனுக்கு வயிற்றுப்போக்கு, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தோம். மறுநாள் காலையில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு குத்துகிற இடத்துக்கு ஓடினேன். பெண்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். குத்துகிறவர் மலையாளி, எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார். அவன் மூக்கைப் பார்த்தார்.

"குட்டிக்கு நல்ல சளி உண்டல்லோ. அடுத்த மாசம் கொண்டு வா, கேட்டோ."

"இன்னைக்கே குத்தணும்."

"எந்தா இத்தனை அவசரம்?"

சொன்னால் வந்துவிடும். சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். "வைசூரி" என்றேன். "வைசூரிக்காரன் படுத்துக் கிடந்த சீட்டுல எம்பிள்ள உருண்டு வெளையாடியிருக்கான்." வரிசை அப்படியே விலகியது. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே இறங்கிவிட்டாள். என் வாயாலேயே கூப்பிட்டுவிட்டேனே என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குத்துகிறவர் அவன் கையைப் பிடித்துக் கீறினார். சீட்டுகளை எரிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நிங்ஙளுக்குக் குத்தியதா?"

"எனக்குச் சின்னதுலயே வந்து போயாச்சு. ஒருக்கா வந்தா மறுக்கா வராதுல்லா."

"முகத்துல ஒரு பாடும் காணல்லியே."

"எல்லாருக்குமா தழும்பு விழும்?" என்று எரிந்து விழுந்தேன். பிள்ளை வீறிட்டுக் கொண்டிருந்தான், இந்த மனுஷன் என் முகத்தை ஆராய்கிறார். விறுவிறென்று வீட்டுக்கு நடந்தேன்.

என் வீட்டுக்காரர் சீட்டு, குதிரைமுடி, கதவுத் துணி எல்லாவற்றையும் முற்றத்திலேயே போட்டு எரித்தார். எண்ணெய் குடித்த தோல் கொழுந்து விட்டெரிந்தது. வெறும் தகரமாகத் திரும்பி வந்த வண்டியைப் பார்த்து மொதலாளி இனிமேல் வாசல்படி ஏறாதே என்றாராம். போகட்டும் என்றேன். எனக்கு வேறு நினைப்பே இல்லை. பிள்ளைக்குக் கீறின இடம் சிவந்து, பொங்கி, காய்ச்சல் அடித்தது. இது குத்தினதால் வந்த காய்ச்சலா, மற்றதா? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பேன், வாயைத் திறந்து பார்ப்பேன். ஒரு கொசு கடித்த தடிப்பைக் கண்டு அரை நாள் சோறு இறங்கவில்லை.

இடுப்பு வலி எனக்குத்தான் வந்தது. துணி துவைத்த வலி என்று நினைத்தேன். காய்ச்சல் வந்தது. பிறகு நெற்றியிலும் மணிக்கட்டிலும் அரும்பத் தொடங்கியது. சின்ன வயதில் எனக்கு வந்தது வெறும் நீர்க்கொப்புள அம்மை, வைசூரி இல்லை. அதையும் இதையும் பிரித்துச் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எது வந்தாலும் கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வோம்.

ஊருக்கு வெளியே நோயாளிகளை வைக்கிற ஓலைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். செத்துப்போவேன் என்று எனக்குப் பயமில்லை. பிள்ளைக்குப் பால் யார் கொடுப்பார்கள், அவனுக்கும் வந்திருக்குமோ என்றுதான் கிடந்து நடுங்கினேன். வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப்புறம் நின்று, "பிள்ளைக்கு ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல" என்று கத்துவார். நான் நம்பவில்லை. போய்விட்டான், மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். இவ்வளவு தூரம் நின்று சொல்கிறவர் ஒரு தடவையாவது அவனைத் தூக்கிக்காட்டக் கூடாதா?

பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு விட்டார்கள். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். வாசலில் அவர் நின்றார், இடுப்பில் பிள்ளை. கொழுகொழுவென்று இருந்தான். கையில் குத்தின இடம் ஆறி வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. இரண்டு கையையும் நீட்டினேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்படி ஒரு அலறல் அவன் அலறி நான் கேட்டதில்லை. அப்பா கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கினான். "அம்மால்லா மக்கா, பாரு, அம்மால்லா" என்று அவர் திருப்பத் திருப்ப மூச்சே நின்றுபோகிற மாதிரி கத்தினான். அவர் கண்ணும் என் முகத்தில் நிலைக்கவில்லை.

அன்று மத்தியானம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் அவனுக்குச் சோறு ஊட்டினேன்.