முதலாளி வெளுக்க வைத்த முகம்

சிவகாசியில் நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்தின் வரவேற்பறையில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம் தொங்குகிறது. நீலத் தலைக்கட்டும் நீல அங்கியுமாக ஒரு பெண். கீழே 'எங்கள் உலகப் புகழ் வாடிக்கையாளர்' என்று தங்க எழுத்து. முதலாளியின் வெட்கங்கெட்டத்தனத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

படத்தில் இருப்பவர் லாகோஸ் நகரத்து ஆடை வடிவமைப்பாளர். மரவள்ளிக் கஞ்சியால் துணியில் கோலம் வரைந்து, நீலச் சாயத்தில் முக்கி முக்கி, கிட்டத்தட்டக் கறுப்பாகும்வரை எடுப்பது அவர்கள் ஊர் வழக்கம். அந்தத் துணியில் கோட்டும் கவுனும் தைத்து, வெளிநாட்டுக் கடைகளுக்கு விற்க முதன்முதலாகக் கிளம்பியிருந்தார். மாடல் வைக்க வசதியில்லாமல் தானே உடுத்தி நின்றிருந்தார். கண்காட்சிக்கு வரும் கடைக்காரர்கள் கேட்டலாக்கைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். அதை அச்சடிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. நிறம் பார்த்து அச்சுத் தகடு, அதாவது பிளேட், தயாரிப்பது என் பொறுப்பு. நான் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, நிறம் அப்படியே இருக்கிறது என்று சம்மதமும் சொல்லிவிட்டார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "நைட்டிய மாட்டிக்கிட்டு நிக்குது, இதுக்குப் பேரு ஃபேஷனாம்" என்று சிரித்தார். அவர் கண்ட ஃபேஷன் காலண்டர் லட்சுமியின் பட்டுப்புடவையோடு சரி. எங்கள் ஊரில் காலண்டர் சாமியானாலும் போஸ்டர் மாப்பிள்ளையானாலும் முகத்தை வெளுத்துத்தான் அச்சுக்கு விடுவார்கள். முதலாளியும் என்னைப் போல நல்ல கறுப்பு. தன் அறுபதாம் கல்யாணப் போஸ்டரில் மட்டும் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தார். அதைப் பார்த்து மயங்கிய ஒரே ஆளும் அவர்தான்.

"ஏம்மா, இம்புட்டுக் கறுப்பாவா ஒரு பொம்பளைய அடிச்சு அனுப்புவாக? கறுப்பக் குறைச்சு பிளேட்டுப் போடு" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"அவுக சம்மதிச்ச நிறம் இதுதான் சார்."

"அவுக தெரியாமச் சொல்லுவாக. பார்த்தா சந்தோசப்படுவாக."

நான் மறுத்ததும் வேறொருவரை வைத்துச் செய்தார். பக்கம் முழுக்கக் கறுப்பைக் குறைத்ததில் துணியும் கூடவே வெளுத்துப் பள்ளிச் சீருடை நீலமாகிவிட்டது. லோடு போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா வீடியோவில் வந்தார். கேட்டலாக்கைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். இந்த நீலத்தைப் பார்த்து ஒருவர் ஆர்டர் கொடுத்தால் நான் எந்தத் துணியை அனுப்புவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அழகாத்தான இருக்கீக" என்றார் முதலாளி, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. கேட்டலாக் இல்லாமல், துணிகளையே சுமந்துகொண்டு அவர் கண்காட்சிக்குப் போனாராம். அந்தக் காலண்டர் சீசன் முடிந்ததும் நான் வேலையை விட்டேன்.

இன்று அவருடைய ஆடைகள் பல நாட்டுக் கடைகளில் விற்கின்றன. செய்தி எட்டியதும் முதலாளி மிச்சத் தாள்களில் ஒன்றைத் தேடியெடுத்துச் சட்டம் போட்டுவிட்டார். செய்த காரியம் அவருக்கு நினைவிலேயே இல்லை.

இப்போது வேலை பார்க்கும் இடத்துக்காகப் போன மாதம் பிளேட் போட அங்கே போயிருந்தேன். அட்டைப்பெட்டி அடிப்பது பற்றி விசாரிக்க லாகோஸிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவர் போட்டிருந்த கோட்டில் அதே கோலம், அதே கறுநீலம். முதலாளி பல்லெல்லாம் தெரிய அவரைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "உங்க ஊரு அம்மாதான், நம்ம கஸ்டமரு" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் தன் கோட்டுக் கையைக் கண்ணாடியருகே கொண்டுபோய் ஒத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி ஏதோ கேட்டார்.

"என்னம்மா சொல்றாக?" என்றார் முதலாளி ஆவலாக.

இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

"இந்தக் கோட்டத் தச்சவுகள எனக்கு நல்லாத் தெரியும், இது யாருன்னு கேக்குறாக சார்."