சிலோன் கண்ணுசாமி பேரில் மொய்

எங்கள் ஊரில் மொய் எழுதுவது நான்தான். பிழைப்பு திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவது. முகூர்த்த நாள் வந்துவிட்டால் நத்தம் ரோட்டில் எந்தப் பந்தலில் பார்த்தாலும் மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஊரே புகழ்ந்து புகழ்ந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எதற்கும் ஒரு யோசனை சொல்லாமல் இருக்க முடியாது. ஒச்சம்மாளுக்கும் அப்படித்தான் ஒரு யோசனை சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒச்சம்மாள் சிலோன் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். புருஷன் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஐம்பத்தைந்தில் மாமியார் சாகக் கிடக்கிறாள் என்று தந்தி வந்து, மூன்று மாதப் பர்மிட்டில் ஊருக்கு வந்தாள். பதின்மூன்று வயது மகள் முத்துப்பேச்சியைத் தோட்டத்திலேயே கண்ணுசாமிக் கங்காணி வீட்டில் விட்டிருந்தாள். கண்ணுசாமி எங்கள் ஊர்க்காரர், அவளுக்குத் தூரத்து அண்ணன் முறை. இங்கே மாமியாரை எடுத்த கையோடு இவளுக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டாள். எழுந்து, தட்டுத் தடுமாறிக் கப்பலேற மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பர்மிட் தேதி முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினோரு நாள்! என் முதலாளி சம்பளத்தையே அதைவிடத் தாமதமாகத்தான் கொடுப்பார்.

இனி இவள் அங்கே போக முடியாது, மகள்தான் வரவேண்டும். பாஸ்போர்ட், போட்டோ, கொழும்புக்கு நாலு நடை, ரயில், கப்பல் என்று இருநூறு ரூபாய் ஆகும் என்று கண்ணுசாமி எழுதியிருந்தார். அதை அங்கே, அந்த ஊர்க் காசாகக் கட்டவேண்டும். அப்போது அவர்கள் ரூபாயும் நம் ரூபாயும் ஒரே மதிப்புதான். என்ன பிரயோசனம், நடுவில் கடல் கிடக்கிறதே.

ஒச்சம்மாள் நத்தத்தில் புளிக் கிட்டங்கியில் புளி தட்டிக் கொட்டை எடுத்தாள். நாள் கூலி பன்னிரண்டு அணா. வயிற்றைக் கட்டினால் மாதம் ஐந்து ரூபாய் மிஞ்சும். அதைத் தூக்கிக்கொண்டு முதலில் தபாலாபீசுக்குப் போனாள். வெளிநாட்டுக்குப் பணம் என்றால் பாரம் நிரப்பி, காரணம் எழுதி, அனுமதி வாங்கவேண்டும் என்றார் குமாஸ்தா.

"மகளுக்குத்தான் அனுப்புறேங்கிறதுக்கு ஆதாரம் வேணும்மா."

"நான் பெத்திருக்கேன்ல சாமி, வேற என்ன ஆதாரம்?"

நல்ல மனுஷர். சிரித்துவிட்டுப் பாரத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார். அது இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பி வந்தது. பிறகு பத்து ரூபாய் நோட்டைக் கடிதத்துக்குள் மடித்து வைத்து அனுப்பினாள். கடிதம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இங்கே காசை வாங்கிக்கொண்டு கொழும்பில் ஆள் வைத்துக் கொடுக்கும் உண்டியல்காரர், தோல் வியாபாரி ஒருவர் திண்டுக்கல் பேகம்பூரில் இருந்தார். அவரிடமும் போய் நின்றாள்.

"நூத்துக்குக் கீழ எடுக்கிறதில்லம்மா, கட்டுபடியாகாது. நூறா சேர்த்துட்டு வாங்க, உங்களுக்குக் கமிஷன்கூட வேணாம்," என்றார் அவர். அவள் வீட்டில் நூறு எப்படிச் சேரும்? முப்பதைத் தொட்டால் கூரை ஒழுகும், நாற்பதைத் தொட்டால் காய்ச்சல் வரும்.

ஐம்பத்தேழு தை மாதம் கண்ணுசாமியின் கடிதம் ஒன்றை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். அங்கிருந்தும் பணம் அனுப்பக் கெடுபிடி வந்துவிட்டது, ஊரில் சொந்தக்காரர் விசேஷங்களுக்கு மொய் வைக்க முடியவில்லை, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அவர் புலம்பியிருந்தார். எனக்குப் பொறி தட்டியது.

"ஒச்சம்மா, உன் அஞ்சு ரூவாய இங்க கண்ணுசாமி பேருல மொய்யா வையி. அவரு அங்க அஞ்சு ரூவாய உம் மவ பேருல எடுத்து வைக்கட்டும். காசு எதுக்குக் கடல் தாண்டணும்?"

"அம்புட்டுத்தானாண்ணே?"

"அம்புட்டுத்தான்."

கண்ணுசாமிக்கு எழுதினேன், சரி என்று பதில் வந்தது. அதன் பிறகு செலவு ஒரு அணாத் தபால் தலைகூட இல்லை. விசேஷத்துக்கு வைத்த மொய்யை அந்த வீட்டுக்காரர்களே கண்ணுசாமிக்கு எழுதிவிடுவார்கள். ஏமாற்றவும் வழியில்லை. பந்தலில் நூறு பேர் கேட்க நான் வாசிப்பேன், "சிலோன் கண்ணுசாமி, அஞ்சு ரூபா!" முதல் மொய்யை எழுதிய அன்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு இரண்டு கரண்டி பாயாசம் கூடுதலாகக் குடித்தேன்.

இடைஞ்சல் ஒன்றுதான். ஆடியிலும் மார்கழியிலும் விசேஷம் கிடையாது, பணமும் போகாது. அந்த மாதங்களில் ஒச்சம்மாள் மடியில் காசை முடிந்துகொண்டு, யார் வீட்டிலாவது பெண் சமைந்திருக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டு திரிவாள். வெள்ளைச் சேலைக்காரி என்பதால் பந்தலுக்குள் வரமாட்டாள். ஓரமாக வந்து மேஜையில் காசை வைத்துவிட்டு, நான் வாசிக்கும்வரை நிற்பாள். வாசித்ததும் போய்விடுவாள். ஒரு நாளும் இலையில் உட்கார்ந்ததில்லை.

இரண்டு வருஷத்தில் அறுபது ரூபாய் சேர்ந்தது. அதன் பிறகு யாருக்கு எவ்வளவு வைக்கவேண்டும் என்று கண்ணுசாமியே எழுத ஆரம்பித்தார். பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து, ஐந்து வைத்தால் கேவலம், பதினைந்து வை. மச்சான் வீட்டுக் கல்யாணம், இருபதாவது வை. எல்லாம் உன் மகள் கணக்கில்தானே ஏறப்போகிறது என்பார். அதுவும் சரிதானே. ஒச்சம்மாள் மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள், மகள் அவர் வீட்டில் அல்லவா இருக்கிறாள். ராத்திரிச் சோற்றை விட்டாள். காதில் கிடந்த தங்கத்தைக் கழற்றினாள். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லி எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே. முகஞ்சுளிச்சா அவகிட்டத்தான் காட்டுவாக."

எழுத்தே அறியாத பெண் முத்துப்பேச்சி. அவள் பேச்செல்லாம் கண்ணுசாமியின் கையெழுத்தில்தான் வரும். 'ஆத்தாவுக்கு உன் மகள் எழுதிக்கொள்வது, நான் சுகம்' என்று வருஷம் முழுக்க ஒரே வரி. இங்கிருந்து நான் எழுதுவதையும் அவர்தான் வாசித்துக் காட்டவேண்டும். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு ரகசியம் பேச வழியில்லை. காசு போக வழி கண்டுபிடித்த எனக்கு இதற்கு ஒரு வழி தெரியவில்லை.

அறுபத்தொன்று சித்திரையில் இருநூறு நிறைந்தது. அன்று ஒச்சம்மாள் சிரித்ததைப் பார்த்தேன், அவளுக்கு அவ்வளவு வரிசையான பல் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வைகாசியில் கடிதம் வந்தது. கடை வாசலில் நின்றபடியே வாசித்தேன். பெண் வளர்ந்துவிட்டாள், தனியாகக் கப்பலேற்ற மனம் வரவில்லை. என் இளைய மகனுக்கே முடித்துவிடுவது என்று பேசியாயிற்று. அவள் பணம் இருநூறில் தாலியும் கூறைச்சேலையும் எடுத்திருக்கிறேன், ஒரு சதம் குறையவில்லை, கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கணக்கைப் பார்த்தேன். பிசகே இல்லை. அவரை அயோக்கியன் என்று திட்டக்கூட எனக்கு வழி வைக்கவில்லை. மாப்பிள்ளையும் முறை மாப்பிள்ளை, ஊரில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

"இதுல அவ சொன்னது எதுண்ணே?" என்று கேட்டாள் ஒச்சம்மாள்.

மறுபடி முதலிலிருந்து தேடினேன். ஒரு வரியும் இல்லை. தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அவளே புரிந்துகொண்டு கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனியில், கண்ணுசாமியின் தம்பி தங்கமுத்து அந்தக் கல்யாணத்துக்காக ஊரில் பந்தல் போட்டு விருந்து வைத்தான். சிலோனில் நடக்கும் கல்யாணத்துக்கு இங்கே மொய் வாங்கவேண்டுமே. மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. கண்ணுசாமியிடம் ஐந்து வாங்கியவர்கள் ஏழாகவும், இருபது வாங்கியவர்கள் இருபத்தைந்தாகவும் திருப்பிச் செய்தார்கள். ஒவ்வொரு நோட்டும் யார் தட்டிய புளி என்று எனக்குத் தெரியும். எல்லாம் தங்கமுத்துவின் பெட்டிக்குள் போனது.

கடைசியாக ஒச்சம்மாள் வந்து ஐந்து ரூபாயை வைத்தாள். தங்கமுத்து பதறிவிட்டான்.

"என்னக்கா இது? பொண்ணப் பெத்தவ மொய் வைக்கிற வழக்கம் எங்கயாச்சும் உண்டா? எடுங்க."

"வழக்கத்துக்கு வைக்கலப்பு. வச்சா திருப்பிச் செய்யணும்ல, அதுக்குத்தான் வைக்கிறேன்."

"உங்க வீட்ல இனி என்னக்கா விசேசம் இருக்கு?"

"ஒண்ணு பாக்கி இருக்கு. என்னை எடுக்குற அன்னைக்கு எம் மவ வந்து திருப்பிச் செய்யட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எழுதுங்கண்ணே."

நான் எழுதினேன். ஒச்சம்மாள், ஐந்து ரூபாய். இத்தனை வருஷத்தில் அவள் பெயரை நான் மொய் நோட்டில் எழுதியது அதுதான் முதல் தடவை.